பதிமூன்று இலக்கத்து எண்ணும் பொட்டிப்புரமும்

6746328388800.

இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. கரும்பலகையில் இதை எழுதிவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் முகத்தில் மிரட்சி தெரியும். பின்பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன், "இது எங்களுக்கு எதுக்கு சார்?" என்பான். கேட்க வேண்டிய கேள்விதான். மேற்கு மலையின் காலடியில், மானாவாரி நிலத்தில் கடலையும் மொச்சையும் போட்டுவிட்டு மழைக்கு அண்ணாந்து பார்க்கிற பொட்டிப்புரத்து வீட்டுப் பிள்ளைக்கு, கோடிகளைத் தாண்டிய எண்ணோடு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெரிய எண்கள் நாம் கூப்பிடாமலே வாசலுக்கு வந்துவிடுகின்றன. கடன் பத்திரத்தில் வருகின்றன, சீட்டுக் கம்பெனி நோட்டீஸில் வருகின்றன, தேர்தல் மேடையில் வருகின்றன. எங்கள் பக்கத்துக்கு ஓர் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்தும் வந்தன. வந்த எண்ணைக் கண்டு சிலர் மலைத்தார்கள், சிலர் பயந்தார்கள். உட்கார்ந்து அதை விசாரித்தவர்கள் குறைவு. எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அது எதனால் ஆனது, எப்படி வந்தது என்று கேட்கிற பழக்கம் சின்ன வயதிலேயே படிந்துவிட வேண்டும். அதைப் பழகிப் பார்க்க மேலே எழுதியதைவிட நல்ல எண் எனக்குத் தெரியவில்லை.

அது ராமானுஜன் எழுதிவைத்த எண். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனவர், அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியாமல் போனவருக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது இந்தக் கட்டுரையால்தான். கட்டுரை முழுதும் அப்போது அச்சேறவில்லை. போர்க்காலம், கழகத்துக்குப் பணமுடை, செலவைக் குறைக்க ஒரு பகுதியை அவரே நிறுத்திக்கொண்டார். அந்த மிச்சம் 1997இல்தான் அச்சுக்கு வந்தது. 1920 ஏப்ரலில் முப்பத்து மூன்று வயதுகூட நிறையாமல் சேத்துப்பட்டில் கண்மூடிய மனிதரின் எழுத்துக்கு, அதற்குப் பிறகும் இத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வியை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். 12 என்ற எண்ணை எடுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என்று அதற்கு ஆறு காரணிகள். 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் ஆறு காரணி கிடையாது. 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது, 48க்குப் பத்து, 60க்குப் பன்னிரண்டு. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை, அவற்றின் குணம் என்ன என்பதுதான் கேள்வி. பகா எண்களைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருக்க, ராமானுஜன் நேர் எதிர்ப்பக்கம் போய், எத்தனை பேருக்கும் மீதியில்லாமல் பங்கு வைக்கத் தோதான எண்களைத் தேடினார். 102 எண்களைப் பட்டியலாகப் போட்டார். பட்டியலின் கடைசி எண்தான் 6746328388800.

அதற்கு எத்தனை காரணிகள் தெரியுமா? 10,080. ஒரு வாரத்தில் எத்தனை நிமிஷமோ சரியாக அத்தனை. நிமிஷத்துக்கு ஒரு காரணி வீதம் ராப்பகலாகத் தூங்காமல் எழுதினால், முழுதாக ஒரு வாரம் ஆகும். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும், ஒன்றிலிருந்து தொடங்கி ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்கும்வரை, அத்தனை காரணிகள் கிடையாது.

இப்போது எண்ணைப் பிரித்துப் பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் வேண்டாம்.

கடைசியில் இரண்டு பூஜ்யம் இருக்கிறது. அப்படியென்றால் எண்ணுக்குள் 5 இரண்டு தடவை இருக்கிறது. ஒரு பூஜ்யத்துக்கு ஒரு 5, ஒரு 2 வேண்டும். 2 நிறைய இருக்கிறது, 5 இரண்டே இரண்டுதான், அதனால் பூஜ்யமும் இரண்டோடு நின்றுவிட்டது. அடுத்து, இலக்கங்களைக் கூட்டுங்கள்: 63 வரும். அது ஒன்பதால் வகுபடும், ஆகவே முழு எண்ணும் ஒன்பதால் வகுபடும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை.

எண்ணை வலமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 6, 746, 328, 388, 800. ஒன்றுவிட்டு ஒன்றைக் கூட்டுங்கள். 800, 328, 6 மூன்றும் சேர்ந்தால் 1134. விட்டுப்போன 388, 746 இரண்டும் சேர்ந்தால் அதுவும் 1134! ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். அப்படி வந்துவிட்டால் முழு எண்ணும் 1001ஆல் மீதியில்லாமல் வகுபடும். காரணம் எளிது. ஆயிரம் என்பது 1001க்கு ஒன்று குறைவு. ஆகவே ஆயிரங்களின் கட்டு ஒவ்வொன்றையும் கழித்தல் கணக்கில் வைக்கலாம், ஆயிரத்தின் ஆயிரத்தைக் கூட்டல் கணக்கில் வைக்கலாம், அடுத்ததை மறுபடி கழித்தலில், இப்படியே போகலாம். 1001ஐப் பிரித்தால் 7, 11, 13. ஒரே சோதனையில் மூன்று பகா எண்கள் அகப்பட்டுவிட்டன. பதிமூன்று இலக்கத்து எண்ணை 7ஆல் வகுக்க நீளமாக ஏணி போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. இதைச் செய்து காட்டும்போது மிரட்சியோடு இருந்த முகங்கள் மெல்ல மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வேலையில் அதைவிடப் பெரிய சம்பளம் கிடையாது.

முழுக்கப் பிரித்து முடித்தால் இப்படி வரும்: 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. இவ்வளவுதான் அந்த எண்ணின் உடம்பு. பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். காரணிகள் எத்தனை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு காரணியை உண்டாக்க 2ஐ எடுக்காமலே விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், ஆறு தடவை வரையிலும் எடுக்கலாம்: ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கு மூன்று, 7க்கு மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. எல்லாவற்றையும் பெருக்கினால் 10,080.

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்ற இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இடையில் விட்டுப்போகவில்லை. எத்தனை தடவை என்பதும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்குமுகமாகவே போகிறது, எங்கும் ஏறவில்லை. அதிகக் காரணி கொண்ட எண்கள் எல்லாவற்றுக்கும் இதுவே குணம் என்றும், 4, 36 என்ற இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும் என்றும் ராமானுஜன் நிறுவினார். ஏன் இறங்குமுகம் என்பதற்குச் சின்ன எண்ணிலேயே விடை இருக்கிறது. 12இல் 2 இரண்டு தடவை, 3 ஒரு தடவை. 18இல் 2 ஒரு தடவை, 3 இரண்டு தடவை. இரண்டுக்கும் காரணிகள் ஆறுதான். ஆனால் 18 பெரிதாகிவிட்டது. அதே பலனைக் குறைந்த செலவில் தருவது சின்னது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர் ஒருமுறை வந்து வாழ்த்திவிட்டுப் போவார், அவர் வரவும் வேண்டும். ஆனால் வாழைமரம் கட்டியதிலிருந்து கடைசிப் பந்திவரை வீட்டுக்கும் பந்தலுக்கும் நடந்தது பக்கத்து வீட்டுக்காரர். 23 ஒருமுறை, 2 ஆறுமுறை. இளைஞர்களிடம் நான் இதை வற்புறுத்திச் சொல்வேன். பெரிய ஒரு வாய்ப்பு வரட்டும் என்று காத்திருந்து சின்ன வேலைகளைத் தள்ளிப்போடுகிறவர்கள், 2ஐயும் 3ஐயும் விட்டுவிட்டு 23ஆல் மட்டும் எண் கட்டப் பார்க்கிறார்கள். 23ஐ 23ஆல் பெருக்கினால் 529. அதற்கு மொத்தம் மூன்றே காரணிகள். அதைவிடச் சிறிய 360க்கு இருபத்து நாலு.

இனி பொட்டிப்புரத்துக்கு வருகிறேன்.

தேவாரம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்ததே, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத் திட்டத்தால்தான். நீலகிரியில் சிங்காரா என்ற இடத்தில் அமைப்பதாக இருந்தது, முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குப் பக்கம் என்பதால் 2009இல் கைவிடப்பட்டு இங்கே வந்தது. அம்பரப்பர் மலையைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான பாறை இருக்கிற மாதிரி ஒரு குகை அமைத்து, அதற்குள் 50,000 டன் இரும்பால் காந்தக் கருவி வைப்பது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். அப்புறம் போராட்டம், உயர் நீதிமன்றம், பசுமைத் தீர்ப்பாயம் என்று நீண்டு, 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்து மனு போட்டது. மலையைக் குடையலாமா கூடாதா என்ற வழக்கில் நான் இங்கே இறங்கவில்லை. மதிகெட்டான் சோலை அருகே இருக்கிறது, மலைதான் எங்கள் கிணறுகளுக்குத் தண்ணீர் தருகிறது. தண்ணீரை நினைத்து ஊர் பயந்தது நியாயமான பயம். நான் சொல்ல வருவது எண்களைப் பற்றி.

அந்த நாட்களில் ஊரில் புழங்கிய எண்கள் கொஞ்சநஞ்சமல்ல. எத்தனை டன் பாறை, எத்தனை டன் வெடிமருந்து, எத்தனை கோடி ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு விநாடியும் நம் உடம்புக்குள் லட்சம் கோடிக்கணக்கில் நியூட்ரினோக்கள் பாய்கின்றன என்ற செய்தி. ஆதரித்தவர்கள் வியக்க வைக்க அதைச் சொன்னார்கள், எதிர்த்தவர்கள் பயமுறுத்த அதையே சொன்னார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், "ஒடம்புக்குள்ள போகுதுங்கிறாய்ங்க, சரி. வெளிய வருதா இல்லையான்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறாய்ங்களே வாத்தியாரய்யா" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அன்று நான் கேட்டதிலேயே மிகச் சரியான கேள்வி அதுதான்.

வெளியே வருகிறது ஐயா. ஏறக்குறைய அத்தனையும் வந்துவிடுகிறது. பூமியையே துளைத்துக்கொண்டு போகிற துகளுக்கு நம் உடம்பு ஒரு பொருட்டே இல்லை. சூரியனிலிருந்து பகலில் தலைக்கு மேலாக வருவது, ராத்திரியில் பூமியின் மறுபக்கமாகப் புகுந்து பாதத்துக்குக் கீழிருந்து வருகிறது. அரிதிலும் அரிதாக ஒன்று அணுவில் மோதும். அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் அத்தனை இரும்பு. வானத்திலிருந்து வரும் மற்ற துகள்களைத் தடுக்கத்தான் அத்தனை பாறை. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இலேயே நம் நாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

சரி, அந்தப் பெரிய எண் எப்படி வந்தது? இதை யாராவது ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். சூரியனிலிருந்து வருபவை கட்டைவிரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், விநாடிக்குச் சுமார் 6,500 கோடி. யாரும் நின்று எண்ணவில்லை. வகுத்துத்தான் கண்டார்கள். சூரியனுக்குள் நாலு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகிறது. ஒவ்வொரு சேர்க்கையிலும் எவ்வளவு ஆற்றல் வெளிவரும் என்பது ஆய்வுக்கூடத்தில் அளந்து தெரிந்தது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் இரண்டு நியூட்ரினோ. நம்மேல் ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்பதும் அளந்தது, காற்று மண்டலத்துக்கு மேலே சுமார் 1,361 ஜூல். வெயிலின் மொத்த ஆற்றலை ஒரு சேர்க்கையின் ஆற்றலால் வகுத்தால், நகம் அளவு இடத்துக்குச் சுமார் 3,250 கோடி சேர்க்கைகள் என்று வரும். இரண்டால் பெருக்கினால் 6,500 கோடி. கடலை காயப்போடுகிற அதே வெயிலைத்தான் வகுத்திருக்கிறார்கள். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இந்தக் கணக்குக்கும் சோதனை வந்தது. அமெரிக்காவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் அடியில் ரேமண்ட் டேவிஸ் பிடித்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. சூரியனைப் பற்றிய கணக்கே தப்போ என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழம்பினார்கள். 2001, 2002இல் கனடாவின் சட்பரி சுரங்கத்தில்தான் விடை கிடைத்தது. வருகிற வழியில் நியூட்ரினோ வகை மாறிவிடுகிறது, டேவிஸின் கருவி ஒரு வகையை மட்டும் பிடித்தது. வகுத்துக் கண்ட எண்ணும் சரி, பிடித்து எண்ணிய எண்ணும் சரி. இரண்டையும் பொய் என்று தள்ளாமல் முப்பது ஆண்டுகள் பொறுமையாக விசாரித்தார்கள் பாருங்கள், அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். 6,500 கோடியை எண்ணால் எழுதினால் 65000000000. கடைசியில் ஒன்பது பூஜ்யம். ராமானுஜன் எண்ணில் இரண்டே பூஜ்யம். இரண்டும் பூஜ்யம்தான், ஆனால் ஒன்றல்ல. ராமானுஜன் எண்ணின் பூஜ்யங்கள் உண்மையான பூஜ்யங்கள். 25 உள்ளே இருப்பதால் வந்தவை. அந்த இடத்தில் ஒன்று கூடினால்கூட எண்ணின் குணமே போய்விடும். 6746328388801ஐ 2, 3, 5, 7 எதுவும் தொடாது, 23 வரையுள்ள எந்தப் பகா எண்ணும் தொடாது. 6,500 கோடியின் பூஜ்யங்கள் அப்படிப்பட்டவை அல்ல. அந்த இடங்களில் என்ன இலக்கம் என்று அளவுகோலுக்கு எட்டவில்லை என்பதற்கு அடையாளம். அங்கே ஒரு கோடி கூடினாலும் குறைந்தாலும் இயற்பியலாளர் கவலைப்பட மாட்டார். ஒன்று கட்டிய எண், மற்றது அளந்த எண். இரண்டுக்கும் மரியாதை உண்டு, இரண்டையும் ஒரே மாதிரி நம்பக் கூடாது. மேடையில் ஒருவர் "இத்தனை லட்சம் பேர்" என்று சொல்லும்போதும், திட்ட அறிக்கையில் "இத்தனை கோடி" என்று படிக்கும்போதும் இந்தப் பூஜ்யங்கள் எந்த வகை என்று கேட்டுப் பழகுங்கள். எண்ணினார்களா, அளந்தார்களா, வாய்க்கு வந்ததா?

(நகத்தின் வழியாக எத்தனை நேரத்தில் ராமானுஜன் எண் அளவுக்கு நியூட்ரினோக்கள் போகும் என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் நாற்பத்து நாலு விநாடி. ஒரு டீயை ஆற்றிக் குடிப்பதற்குள்.)

பெரிய எண் மட்டும்தான் மிரட்டும் என்றில்லை, சின்ன எண்தான் அதிகம் ஏமாற்றும். எங்கள் பக்கம் விதைப்புக்கும் விசேஷத்துக்கும் வாங்குகிற கடனில் "மாசம் பத்து வட்டி" என்பார்கள். பத்துதானே என்று தோன்றும். பத்தாயிரம் வாங்கி, வட்டி கட்ட முடியாமல் மாதாமாதம் அது முதலோடு சேர்ந்தால், பன்னிரண்டாம் மாத முடிவில் 31,384 ரூபாய். மூன்று மடங்குக்கும் மேல். பத்து என்ற சொல்லுக்குள் முப்பத்தோராயிரம் ஒளிந்திருக்கிறது. பெருக்கிப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தெருவில் ஒரு பெண், மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிற பணத்தை ஒரு நிதி நிறுவனத்தில் போட நினைத்து நோட்டீஸைக் கொண்டுவந்தார்.

"பத்து வருசத்துல ரெண்டு மடங்காம்ல வாத்தியாரய்யா?"

"ரெண்டு மடங்குதான் தாயி. வருசத்துக்கு எவ்வளவு வட்டின்னு கேட்டியா?"

"அத ஆரு சொல்றாக? ரெண்டு மடங்குன்னாக, அம்புட்டுத்தான்."

உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். பத்தாண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழே காலுக்கும் குறைவு. அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் 2023 ஏப்ரலிலிருந்து 115 மாதத்தில், அதாவது ஒன்பது வருஷம் ஏழு மாதத்தில் இரட்டிப்பாகிறது. அரசு பொறுப்பு. அவர் நோட்டீஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப இவுக என்னத்துக்கு இம்புட்டுப் பெரிய எழுத்துல போட்டுருக்காக?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் தாய்க்கு விசாரிக்கத் தெரிந்துவிட்டது.

யார் சொன்ன எண்ணாக இருந்தாலும் விசாரிக்க வேண்டும் என்று சொன்னேன். ராமானுஜன் சொன்னாலுமா? ஆமாம், அவர் சொன்னாலும்தான். அவருடைய 102 எண்களில் ஒரு தப்பு எண்ணும் நுழையவில்லை, ஆனால் வர வேண்டிய ஓர் எண் விட்டுப்போயிற்று. அது 293318625600. அதற்கு முன்னால் பட்டியலில் இருப்பது 240940299600, அடுத்து இருப்பது 321253732800. முதல் எண்ணுக்கு 4,800 காரணிகள், அடுத்ததற்கு 5,376. நடுவில் விட்டுப்போனதற்கு 5,040. முறைப்படி அது பட்டியலில் இருக்க வேண்டியது.

மூன்றையும் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. முன்னதிலும் பின்னதிலும் 23 இருக்கிறது, 7 ஒரு தடவைதான். விட்டுப்போனதில் 23 இல்லை, அதற்குப் பதிலாக 7 இரண்டு தடவை. சுற்றிலும் 23 உள்ள எண்களாக இருக்க, 23 இல்லாத ஒன்று கண்ணில் படாமல் நழுவியிருக்கலாம் என்பது என் ஊகம். கையால் கணக்கிட்ட காலம், கம்ப்யூட்டர் இல்லை, கால்குலேட்டர் இல்லை. அத்தனை கோடி எண்களுக்கு நடுவிலிருந்து 102ஐ எடுத்துவைத்த மேதையின் பெருமை இதனால் இம்மியும் குறையாது. ஆனால் பின்னால் வந்தவர்கள், "ராமானுஜன் பட்டியல், சரியாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிடாமல் மறுபடி கணக்குப் போட்டார்கள் பாருங்கள், அதுதான் அவருக்குச் செய்த உண்மையான மரியாதை. பெரியவர்கள் சொன்னதைச் சரிபார்ப்பது அவமரியாதை என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. வயதில் பெரியவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் சொல்வதையும் சரிபாருங்கள். எங்களுக்கு வருத்தம் இருக்காது. இருந்தால் அது எங்கள் குறை.

இன்னொன்று. விட்டுப்போன அந்த 293318625600ஐ 23ஆல் பெருக்குங்கள். 6746328388800 வரும். பட்டியலில் இடம்பெறாமல் போன எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கடைசி எண்ணைப் பிரித்துப் பார்க்கிற எவருக்கும் அது கிடைக்கும்.

உங்கள் வீட்டில் வகுத்தல் கற்றுக்கொண்ட பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் 6746328388800 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். கூடவே நீங்களும் உட்காருங்கள். 1இல் தொடங்கி 28 வரைக்கும் எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29இல் முதல்முறையாகத் தடுக்கும். அங்கே மீதி 26 வந்தால் பிள்ளையின் கணக்கு சரி.